ஆறு கம்பி, நாலு விரல்

கைக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நீங்க பாக்கதைப் பாத்தாலே தெரியுது. நரம்பு டாக்டர் ரூம் வாசல்ல ஒருத்தன் இடது கையை இப்படி முறுக்கிக்கிட்டும் விரிச்சுக்கிட்டும் உக்காந்திருந்தா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். தென்காசியில ஒரு அம்மா, பாவம், என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஜெபமே பண்ணிட்டாவ. நான் நோயாளி இல்ல. மருந்துக் கம்பெனி ரெப்பு. இந்தா பையி. உங்களையெல்லாம் பாத்து முடிச்ச பிறகுதான் டாக்டர் எங்களைக் கூப்பிடுவாவ. சில நாளு கூப்பிடவும் மாட்டாவ. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியுமா? என்னால முடியாது. அதான் கார்டு பிடிச்சுப் பழகுதேன்.

கார்டுன்னா சீட்டு இல்ல, கிட்டார் கார்டு. ஸ்வரங்களைச் சேத்து ஒண்ணா அடிச்சா அது கார்டு. ஊர்ல எல்லாரும் வாசிக்கதுல மூணு ஸ்வரம் இருக்கும். நான் படிக்கது ஜாஸ் கார்டு. அதுல அந்த மூணுக்கு மேல ஏழாவது, ஒம்பதாவது, பதினொண்ணாவது, பதிமூணாவதுன்னு மாடி மேல மாடி கட்டிக்கிட்டே போவாவ. தர்ட்டீன்த் கார்டுன்னா மொத்தம் ஏழு ஸ்வரம். கிட்டார்ல கம்பி ஆறு. அதைப் பிடிக்க விரல் நாலு. இடிக்குதுல்லா? அந்த இடியிலதான் என் வீட்டுல இவ்வளவு மனஸ்தாபம்.

சிஸ்டர், டாக்டர் வந்தாச்சா? என்னது, இன்னும் வார்டுலயா? சரி, சரி.

இருக்கட்டும். நீங்க வயசுல மூத்தவிய, பாத்தா நியாயம் தெரிஞ்சவிய மாதிரி இருக்கு. நான் சொல்லுததைக் கேட்டுட்டு என் மேல என்ன தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு ஜெயக்கர். பாளையங்கோட்டைதான். வீட்டுக்காரி ஹெப்சி, ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். சர்ச் பாடகர் குழுவுல மேல் குரல் அவளுதுதான், அவ எடுத்துக் குடுத்தாத்தான் மத்தவிய பாடுவாவ. பிள்ளைங்க இல்ல. எங்க கூட மாமா இருந்தாவ, ஹெப்சியோட அப்பா. வேதமாணிக்கம்னு பேரு. கவர்மென்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவிய. அத்தை தவறினதுக்குப் பிறகு கிராமத்து வீட்டைப் பூட்டிட்டு எங்ககிட்ட வந்துட்டாவ. அவியளும் பாடுவாவ. பாடுவாவன்னா என்ன, பேஸ். கீழ் குரல். அதுல ட்யூனும் கிடையாது ஒண்ணும் கிடையாது. மேல எல்லாரும் பாட்டைப் பாடும்போது இவிய அடியில 'ம்ம்'னு இழுத்துக்கிட்டு இருப்பாவ, அவ்வளவுதான். ஹெப்சிக்கு அதுல என்ன பெருமையோ, எங்க அப்பா பேஸ், எங்க அப்பா பேஸ்னு எல்லார்கிட்டயும் சொல்லுவா.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க மூணு பேரும் உக்காந்து பாடுவோம். அவ பாடுவா, மாமா இழுப்பாவ, நான் கிட்டார் அடிப்பேன். நான் பாட மாட்டேன். என் குரல் அப்படி. காலேஜ்ல படிச்ச மூணு கார்டு, அதையே இருபது வருஷமா அடிச்சுக்கிட்டு இருந்தேன். யாருக்கும் ஒரு குறையும் இல்ல, எனக்கும் இல்ல.

போன கிறிஸ்மஸுக்கு மச்சினன் ஆல்வின் பெங்களூர்ல இருந்து வந்தான். கூட ஒரு சிநேகிதன், ரோஹன்னு பேரு. கம்ப்யூட்டர் வேலைதான். ஆனா என் கிட்டாரை எடுத்தான் பாருங்க, எடுத்து, நாங்க வருஷா வருஷம் பாடுத ஒரு கிறிஸ்மஸ் பாட்டை வாசிச்சான். பாட்டு அதேதான். ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ வேற ஒரு வெளிச்சம் போட்ட மாதிரி. நான் அடிக்க அதே கிட்டார் அண்ணாச்சி. ஹெப்சி கேக்கை வெட்டப் போனவ கத்தியைக் கையில வச்சுக்கிட்டே நின்னுட்டா. "இந்தப் பாட்டு இப்படியெல்லாம் இருக்குமா!"ன்னா. அந்த ஒரு வார்த்தை.

பொறாமையெல்லாம் இல்ல. பொறாமைப்பட என்ன இருக்கு? அவன் ஊருக்குப் போயிட்டான். ஆனா இவ பாத்திரம் கழுவும்போது அந்தப் பாட்டை அவன் வாசிச்ச மாதிரியே மெதுவா, இழுத்து இழுத்துப் பாடுதா. இத்தனை வருஷம் என் கூடப் பாடுனவ, என் கார்டைப் பத்தி ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்காளா? எனக்கு உக்கார இருப்புக் கொள்ளல. ஆல்வினுக்குப் போனைப் போட்டு, அவன் வாசிச்சதுக்குப் பேரு என்னன்னு கேட்டேன். ஜாஸ் கார்டு அத்தான், அதெல்லாம் நமக்கு எதுக்குன்னு சிரிச்சான். நமக்கு எதுக்காம்.

அன்னைக்கே ஆள் தேடிப் பிடிச்சேன். சென்னையில ஒரு பிள்ளை, தாரிணின்னு பேரு. போன்லயே வீடியோவுல சொல்லிக் குடுக்கும். என் வயசுல பாதி இருக்கும். நான் மிஸ்னுதான் கூப்பிடுவேன். முதல் நாளே அது கேட்டுது, "சார், ஆறு கம்பி, நாலு விரல். தர்ட்டீன்த்ல ஏழு ஸ்வரம். என்ன பண்ணுவீங்க?"

"நீங்கதான் சொல்லணும் மிஸ்"னேன்.

"விடணும் சார். எதை விடணும்னு தெரிஞ்சவங்கதான் இதை வாசிக்க முடியும். மூணாவதும் ஏழாவதும் போகக் கூடாது, அதுதான் கார்டோட முகம். அஞ்சாவதை விட்டுடலாம், யாரும் தேட மாட்டாங்க. பதினொண்ணை விட்டுடலாம். கூட பேஸ் வாசிக்க ஆள் இருந்தா, அடி ஸ்வரத்தைக் கூட விட்டுடலாம். அவர் பாத்துப்பார்."

எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பிடிச்சுது. அடி ஸ்வரம்னா எந்தப் பேர்ல அந்தக் கார்டைக் கூப்பிடுதோமோ அந்த ஸ்வரம். அதைப் பிடிக்கப் போய்த்தான் விரல் எட்டாம நான் செத்துக்கிட்டிருந்தேன். விடலாம்னு மிஸ்ஸே சொல்லியாச்சு. விட்டேன். விட்டதும் கை லேசாயிட்டு. மேல இருக்க ஸ்வரமெல்லாம் கண்ணாடி வளையல் மாதிரி கலகலன்னு வருது. இதுதான் ஜாஸ்னு எனக்குப் பட்டுட்டு.

அதுக்குப் பிறகு பைத்தியம்தான். காலையில பல்லு தேய்க்கும்போது பிரஷ்ல கார்டு பிடிப்பேன். பைக்ல போகும்போது கிளச்சுல பிடிப்பேன். வள்ளியூர்ல ஒரு டாக்டர் முன்னால ஷுகர் மாத்திரையைப் பத்திப் பேசிக்கிட்டே அந்த அம்மா மேசையில தாளம் போட்டுட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூட மாத்த மாட்டேன், ஹால்ல உக்காந்து கிட்டாரை எடுத்துருவேன்.

அங்கதான் ஒரு தொந்தரவு. நான் ஒரு கார்டைப் பிடிச்சு ஒரு தட்டு தட்டுவேன். உடனே உள் ரூம்ல இருந்து 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் வரும். பழைய பஸ்ஸு ஸ்டார்ட் ஆகி நிக்க மாதிரி. நான் அடுத்த கார்டு தட்டினா அந்தச் சத்தமும் ஒரு படி இறங்கும், இல்லன்னா ஏறும். யாரு? மாமாதான். கட்டில்ல படுத்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு இழுக்காவ.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க. நான் படிக்கேன்லா."

"இல்ல மாப்ள. நீங்க தட்டுதது அந்தரத்துல நிக்குது. கீழ ஒண்ணு குடுத்தா உக்காந்துருது. அதான் குடுத்தேன்."

"அது அந்தரத்துலதான் மாமா நிக்கணும். ஜாஸ் அப்படித்தான்."

"அப்படியா? சரி மாப்ள" அப்படீம்பாவ. நிறுத்தணுமே? அடுத்த கார்டுக்கு மறுபடியும் 'ம்ம்ம்'. பெரியவிய, என்ன சொல்ல? ஹெப்சிகிட்ட சொன்னேன். "அவிய இஷ்டம் அத்தான், விடுங்க"ன்னுட்டா. சரின்னு நானும் காதை அந்தப் பக்கம் அடைச்சுக்கிட்டேன். பழகிட்டா கேக்காதுல்லா, ஃபேன் சத்தம் மாதிரி.

சிஸ்டர் வாராவ... இல்ல, நம்மளை இல்ல. நீங்க உக்காருங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடிச்சு ஹெப்சி துணி மடிச்சுக்கிட்டிருக்கா. மாமா ஈசி சேர்ல. நான் மிஸ்ஸுக்கு அனுப்ப ரெக்கார்டிங் எடுக்கணும்னு போனை ஆன் பண்ணி வச்சுட்டு, மாமாவுக்குப் பிடிச்ச ஒரு பழைய சர்ச் பாட்டு இருக்கு, அதுக்கு நைன்த்தும் தர்ட்டீன்த்துமாப் போட்டு வாசிக்க ஆரம்பிச்சேன். ஹெப்சி தன்னை அறியாமப் பாட ஆரம்பிச்சா. மாமா வழக்கம் போல அடியில. அண்ணாச்சி, அப்படி ஒரு சத்தம் எங்க வீட்டுல வந்ததே இல்ல. எனக்கே முதுகுல சிலிர்த்துட்டு. பாட்டு முடிஞ்சதும் ஹெப்சி மடிச்ச சேலையை மடியில வச்சுக்கிட்டு என்னையே பாக்கா.

"அத்தான், இது நீங்களா வாசிச்சீங்க?"

அப்பாடான்னு இருந்துது. ஜெயிச்சாச்சு. ரெக்கார்டிங்கை மிஸ்ஸுக்கு அனுப்புனேன். 'சூப்பர் சார், பேஸ் ரொம்ப ரொம்ப சூப்பர்'னு பதில் வந்துது. என் கிட்டார்ல அடிக் கம்பி நல்லாப் பேசுதுன்னு சொல்லுதுன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ரெக்கார்டிங்கை நான் தினமும் கேப்பேன். பஸ்ல கேப்பேன், டீக்கடையில கேப்பேன், இந்த மாதிரி பெஞ்சில உக்காந்து கேப்பேன். ரெண்டாவது சரணத்துல ஒரு தர்ட்டீன்த் விழும் பாருங்க, அதுக்காகவே ஓட்டி ஓட்டிக் கேப்பேன்.

அதுக்குப் பிறகு கொஞ்ச நாள்தான். ஒரு நாள் காலையில காபியை ஆத்திக்கிட்டே இருந்த மாமா அப்படியே சாஞ்சுட்டாவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நெஞ்சு வலின்னு முன்னால ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் மருந்து விக்கவன், என் வீட்டுலயே. சரி, அதை விடுங்க.

கிராமத்து வீட்டுக்குக் கொண்டு போனோம். நாசரேத்துக்குப் பக்கம். வாசல்ல பந்தல், நடுவுல கண்ணாடிப் பெட்டி. ஹெப்சி தலைமாட்டுல உக்காந்திருக்கா. அழல. அவ அப்படித்தான், எல்லாரும் வந்து கட்டிப்பிடிச்சு அழுதாவ, இவ அவியளுக்குத் தட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தா. போதகர் வந்து ஆராதனை ஆரம்பிக்கணும். ஊர்ல கீபோர்டு வாசிக்கவரு வெளியூர் போயிட்டாரு. அப்ப ஆல்வின்தான் கேட்டான், "அத்தான், நீங்க வாசிப்பீங்களா? அப்பாவோட அந்தப் பாட்டை அக்கா பாடணும்ங்கா." அவன்தான் கேட்டான். நானாப் போய் விழல. இதை நீங்க குறிச்சு வச்சுக்கோங்க.

கார்ல கிட்டார் இருந்துது. எடுத்துட்டு வந்து பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்தேன். மாமாவுக்குக் கடைசியா வாசிக்கது, அதுல போய் அந்தப் பழைய மூணு கார்டையா அடிக்க முடியும்? என்கிட்ட என்ன உசந்தது இருக்கோ அதைத்தானே குடுக்கணும்? அன்னைக்கு ஞாயித்துக்கிழமை வீட்டுல வாசிச்சேன்லா, அதையே, ஒரு கார்டு மாத்தாம, அப்படியே ஆரம்பிச்சேன்.

ஹெப்சி வாயைத் திறந்தா. முதல் வார்த்தையிலயே குரல் எங்கயோ போச்சு. நிறுத்தினா. மறுபடியும் எடுத்தா. அதுக்குள்ள பொம்பளைய எல்லாம் ஒரு சுதியில ஆரம்பிச்சுட்டாவ, ஆம்பளைய வேற ஒரு சுதி. போதகர் ரெண்டையும் சேக்கேன்னு சத்தமாப் பாட, அது மூணாவது சுதி. இவிய கார்டைக் கவனிக்கலியேன்னு நான் இன்னும் கொஞ்சம் பலமா அடிச்சேன். அடிக்க அடிக்க ஒவ்வொருத்தராக் குரலை இறக்கிட்டாவ. ரெண்டாவது சரணம் வரும்போது யாருமே பாடல. அந்தத் தர்ட்டீன்த் மட்டும் தனியா பந்தலுக்குள்ள கேக்குது. ஹெப்சியோட பெரியம்மா ஒருத்தி, காது கேக்காதவ வேற, "அதை யாராவது நிறுத்தச் சொல்லுங்களேன்"னு சத்தமாவே சொல்லிட்டா. போதகர் பாட்டைப் பாதியில விட்டுட்டு "ஜெபம் பண்ணுவோம்"னாரு. நான் ஜெபத்துக்குப் பின்னணியா மெல்ல வாசிச்சுக்கிட்டே இருந்தேன். ஆல்வின் வந்து கம்பி மேல கையை வச்சு அமுக்கிட்டான்.

அவ்வளவு பேர் முன்னால அண்ணாச்சி. என் மச்சினன்.

எல்லாம் முடிஞ்சு கார்ல திரும்பும்போது ஹெப்சி ஜன்னலைப் பாத்துக்கிட்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "அப்பாவுக்கு ஒரு பாட்டை முழுசாப் பாட விடலியே அத்தான்." நான் விடலியாம். நாப்பது அம்பது பேர் காது இல்லாம இருந்தா நான் என்ன செய்ய? அதை அப்பவே சொன்னேன்.

அதுக்குப் பிறகு அவ பாடல. சர்ச்சுக்குப் போவா, பாடகர் குழுவுல நிக்க மாட்டா, கடைசி பெஞ்சில போய் உக்காந்துக்கிடுவா. சமைக்கும்போது பாட மாட்டா. நான் கிட்டாரை எடுத்தா கொல்லைப் பக்கம் போயிருவா. சண்டை போட்டாக் கூட நல்லா இருக்கும். மல்லிச் செடிக்குத் தண்ணி ஊத்துவா, ஊத்தின செடிக்கே மறுபடியும் ஊத்துவா. ஆல்வின்கிட்ட போன்ல பேசுவா. ரெண்டு பேருக்கும் அப்ப ஒரே பேச்சு, அப்பா பாடுனது எங்கயாவது இருக்கான்னு. கல்யாண வீடியோவைப் பாத்தாவ, அதுல வீடியோக்காரன் மேல மியூசிக் போட்டு எல்லாக் குரலையும் மூடிட்டான். சர்ச்சுல எடுத்த வீடியோவுல முன்னால நிக்கவிய குரல்தான் கேக்குது. எங்கயும் இல்ல. அதைச் சொல்லிச் சொல்லிப் பேசுவாவ. நான் பக்கத்துல உக்காந்து காதுல ஹெட்போன் மாட்டிக் கார்டு கேட்டுக்கிட்டிருப்பேன்.

ஆனா எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துது. நான் தப்பா வாசிக்கலன்னு யாராவது சொல்லணும். பந்தல்ல நடந்ததை ஆல்வின் வெளிநாட்டுச் சொந்தக்காரங்களுக்காகப் போன்ல எடுத்திருந்தான். அதுல பாட்டு இருக்க இடத்தை மட்டும் வெட்டி, படம் இல்லாம சத்தத்தை மட்டும், மிஸ்ஸுக்கு அனுப்புனேன். நியாயம் கேட்டு.

மறுநாள் கிளாஸ்ல அந்தப் பிள்ளை கேட்டுது. "சார், கார்டெல்லாம் கரெக்ட். போன தடவை அனுப்புன அதே கார்டுதான். ஆனா நீங்க ஒண்ணுலயும் அடி ஸ்வரம் பிடிக்கல. சி கார்டுல சி ஸ்வரமே இல்லன்னா, கேக்கிறவங்களுக்கு அது வேற கார்டு சார். எங்க நிக்கிறோம்னே அவங்களுக்குத் தெரியாது, எப்படிப் பாடுவாங்க? போன தடவை பேஸ் பிடிச்சாரே ஒருத்தர், யார் சார் அவர்? அவர் இருந்ததாலதான் நீங்க வாசிச்சது அவ்வளவு அழகா இருந்தது. இதுக்கு அவர் ஏன் வரல?"

நான் சொன்னேன், "வந்திருந்தாவ மிஸ். பெட்டிக்குள்ள இருந்தாவ."

அந்தப் பிள்ளை அதுக்குப் பிறகு அன்னைக்குப் பாடமே நடத்தல.

எனக்கு ஆனா மனசு லேசாயிட்டு. காரணம் தெரிஞ்சு போச்சு பாத்தீங்களா? கார்டு சரி. வாசிச்சது சரி. ஆள் குறைஞ்சதுதான் குறை. அதை உடனே ஹெப்சிகிட்ட சொல்லியாகணும்னு அடுக்களைக்கு ஓடுனேன். தரையில உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தா.

"ஹெப்சி, கண்டுபிடிச்சாச்சு! அன்னைக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு தெரிஞ்சு போச்சு. என் தப்பே இல்ல. உங்கப்பா இல்ல, அதான். உங்கப்பா அடியில இல்லாம அது நிக்காதாம். அவிய இருந்திருந்தாப் பாட்டு நல்லா வந்திருக்கும்."

நல்ல செய்தி மாதிரிதான் சொன்னேன். அவ கீரைக் கொத்தைக் கையில பிடிச்சுக்கிட்டே என்னைப் பாத்தா. முகம் அப்படியே கலைஞ்சுது. அன்னைக்குப் பந்தல்ல அழாதவ, வீட்டுக்கு வந்தும் அழாதவ, அடுக்களைத் தரையில உக்காந்து அப்படி ஒரு அழுகை. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல எட்டிப் பாக்கா. நான் தண்ணி குடுக்கேன், வாங்க மாட்டேங்கா. இதுல அழ என்ன இருக்குன்னு எனக்கு ஒண்ணும் விளங்கல.

கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டே கேட்டா. "அப்பா அடியில பாடுனது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பழைய ரெக்கார்டிங்கைக் கேட்டிருக்குல்லா."

"எந்த ரெக்கார்டிங்?"

"அதான், ஞாயித்துக்கிழமை. நீ துணி மடிச்சியே."

எழுந்து நின்னுட்டா. "அப்பா குரல் உங்க போன்ல இருக்கா?"

"அது கார்டுக்காக எடுத்தது ஹெப்சி..."

"இருக்கா, இல்லியா?"

சத்தியமா எனக்குத் தோணவே இல்ல அண்ணாச்சி. அவியளும் தேடுதாவ, நானும் பக்கத்துலதான் இருக்கேன், தினமும் அதைத்தான் கேக்கேன். ஆனா நான் கேட்டது கார்டை. இதைச் சொன்னா அவ நம்ப மாட்டேங்கா. நீங்க நம்புதீங்களா? ம்?

போனைப் பிடுங்கினா. நான் வாசிச்சுப் பழக ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சிருக்கேன், அதையும் தூக்கிக்கிட்டு மாமா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நான் வெளிய நின்னேன். கதவைச் சாத்தினா மேல் சத்தமெல்லாம் அடங்கிப் போவுது. என் நைன்த் இல்ல, தர்ட்டீன்த் இல்ல, அவ பாட்டே கூட லேசாத்தான் வருது. மாமா மட்டும் கதவைத் தாண்டி வாராவ. 'ம்ம்ம்'னு. கட்டில்ல படுத்துக்கிட்டு இழுக்க மாதிரியே. முடியும், மறுபடியும் ஓட்டுவா. முடியும், மறுபடியும். அடுப்புல சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. நான்தான் போய் இறக்கினேன்.

அதை ஆல்வினுக்கு அனுப்பி வச்சா. அவன் போன் பண்ணி அழுதான். "அத்தான், ரொம்ப தேங்க்ஸ்"னான். அந்தக் கார்டைப் பத்தி ஒரு வார்த்தை? கிடையாது. சரி, அவன் அப்படித்தான்.

இப்ப என்ன நடக்குன்னா, அதையும் சொல்லிருதேன், டாக்டர் வாரதுக்குள்ள. போன மாசம் ஒரு சாயங்காலம், நான் கிட்டாரை எடுத்தேன். கொல்லைப் பக்கம் போவான்னு பாத்தா, போகல. வந்து எதிர்ல உக்காந்தா. "வாசிங்க"ன்னா.

எனக்குப் பயம் வந்துட்டு. "பழைய மூணு கார்டா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. அன்னைக்கு வாசிச்சது."

வாசிச்சேன். அவ கண்ணை மூடிக்கிட்டுப் பாட ஆரம்பிச்சா. பாட்டு இல்ல அண்ணாச்சி. மாமா இழுத்தாவல்லா, அது. அந்த அடி ஸ்வரம், எந்த இடத்துல ஏறுதோ எந்த இடத்துல இறங்குதோ அப்படியே. பொம்பளைக் குரல், அவ்வளவு கீழ போகாது, அதுக்கு மேலதான் வருது. ஆனா வழி அதே வழி. அந்த ரூமுக்குள்ள உக்காந்து கேட்டு கேட்டு மனப்பாடமே பண்ணியிருக்கா. என் கார்டு பட்டுனு உக்காந்துது பாருங்க.

"சரி ஹெப்சி, ட்யூனை யாரு பாட?"ன்னு கேட்டேன்.

"நீங்க."

"நான் பாடி நீ கேட்டிருக்கியா?"

"இல்ல. அதான் கேக்கேன்."

என் குரல் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. ஸ்கூல்ல என்னைப் பாட்டு வாத்தியாரு வரிசையில நிக்க மட்டும் வச்சாரு, வாயசைச்சாப் போதும்னு. அப்படிப்பட்டவன். பாடுனேன். முதல் வரியிலயே அவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. மாமா போன பிறகு அன்னைக்குத்தான் அவ சிரிச்சுப் பாக்கேன். சிரிச்சா, ஆனா கீழ பிடிச்சதை விடல.

இப்ப தினமும் இதுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, 'பாடுங்க அத்தான்'ங்கா. மேல போகுது, கீழ இறக்குங்கன்னு அதட்டுதா. இத்தனை மாசம் கையொடியப் படிச்சிருக்கேன், தர்ட்டீன்த் நல்லா இருக்குன்னு இன்னும் ஒரு வார்த்தை வரல அவ வாயில இருந்து. கிட்டார் வாசிக்கவனைப் பாடச் சொன்னா எப்படி? நீங்களே சொல்லுங்க. பாடிக்கிட்டே வாசிக்க முடியுமா? வாயைக் கவனிச்சாக் கை போயிருது, கையைக் கவனிச்சா வாய் போயிருது.

உங்களைத்தான் கூப்பிடுதாவ அண்ணாச்சி. மெதுவாப் போங்க, அந்த வாசப்படி உசரம். ஒரு நிமிஷம், இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. நேத்து ரெண்டாவது சரணத்துல ரெண்டும் போயிட்டு எனக்கு. கார்டும் இல்ல, ட்யூனும் இல்ல, எங்க இருக்கேன்னே தெரியல. கிட்டாரை மடியில வச்சுக்கிட்டு முழிக்கேன். அவ நிறுத்திருவான்னு நினைச்சேன். நிறுத்தல. அந்த ஒத்தை ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கி வாங்கிப் பிடிச்சுக்கிட்டு, உக்காந்திருந்தா. நான் தேடித் திரும்பி வந்து சேருத வரைக்கும்.